நான் மொழிபெயர்த்த ஆத்திரம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது இது நடந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. என் அம்மா வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை. அந்த நாற்காலி என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. மடிப்புக் கலையாத சட்டைதான் போடுவேன். ஆங்கிலத்தில் புதிய சொல் ஒன்று கண்ணில் பட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். விசாரணை என்று வந்தால் தொழிலாளர்கள் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது அவருடைய வேலை. துரை வெள்ளைக்காரர். அவருக்கும் தமிழ் தெரியும், ஆனால் அது காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது பேசுகிற தமிழ். போ, வா, வெட்டு, கூட்டு, நிப்பாட்டு என்று கட்டளையாக இருக்கும்வரை தடையில்லாமல் வரும். ஒருவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவருக்குப் பாதிகூடப் பிடிபடாது.

பெரிய கிளாக்கர் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு கிழமையில் விசாரணை ஒன்று வந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ சொல் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விசாரிக்கப்பட வேண்டியவர் கொழுந்தெடுக்கும் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தலைத்துண்டைச் சுருட்டி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். முறைப்பாடு செய்தவர் அவர் வேலை செய்த மலையின் கணக்கப்பிள்ளை. கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்வை பார்ப்பவர் அவர். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

நடந்தது என்னவென்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு நாட்களுக்கு முன்பு, மத்தியான நிறுவைக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, அந்தப் பெண் கூடையைத் தேயிலை நிரையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் பாதையில் ஓடியிருக்கிறார். கணக்கப்பிள்ளை குறுக்கே நின்று கையைப் பிடித்திருக்கிறார். அந்தப் பெண் அவரைத் தள்ளிவிட்டார். அவர் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது.

ஏன் தள்ளினாள் என்று கேட்கச் சொன்னார் துரை.

"கணக்கப்பிள்ளைய ஏன் தள்ளுனே?" என்று கேட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவரை வெளியே கண்டால் 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆபீசில் அப்படித்தான் கேட்பது வழக்கம்.

"புள்ளைக்குச் சொகமில்லன்னு சத்தம் குடுத்தாங்க. ஆத்திரத்துல தள்ளிட்டேங்க," என்றார்.

பிள்ளைக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததாம் என்று துரைக்குச் சொன்னேன். அதற்கு அடுத்த வாக்கியத்துக்கு ஒரு நொடி எடுத்துக்கொண்டேன். கோபத்துக்கு 'ஆங்கர்' என்று சொல்லியிருக்கலாம். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அந்த வாரம் என் சட்டைப் பைக்கு வந்திருந்த சொல் 'ரேஜ்'. கண்மண் தெரியாத கோபம். ரேஜில் தள்ளிவிட்டாளாம் என்று சொன்னேன்.

துரை பேனாவை நிறுத்தினார். "ரேஜ்?" என்று திருப்பிக் கேட்டார்.

"யெஸ் சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்று மலையை விட்டுப் போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள், அதை மன்னிக்கலாம், ஆனால் வெறி வந்தால் ஆளை விழுத்துகிற ஒருத்தியை நூறு பேருக்கு நடுவில் வைத்து வேலை வாங்க முடியாது என்றார். பத்துச்சீட்டுக் கொடுக்கச் சொன்னார். தோட்டத்தை விட்டு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டு அது. அதை வாங்கினால் வேலையோடு லயக் காம்பராவும் போய்விடும். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போக வேண்டியதுதான்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் துரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைக்கும்படி துரை என்னிடம் சொன்னார். அன்றைக்கே அடித்து வைத்தேன். நான் சொன்ன சொல் கடிதத்தின் இரண்டாவது வரியில் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கூட்டுச் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் மருந்துப் பட்டியல் வாங்குவதற்காகத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். பெக்டரிக்குக் கீழே இருந்த சின்னக் கட்டடம் அது. உள்ளே இரண்டு கட்டில்கள். ஒன்றில் இரண்டு வயதுப் பெண் குழந்தை படுத்திருந்தது. அந்தப் பெண் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்கக்கா, இருங்க," என்றேன்.

அங்கே உதவியாளாக இருந்தவர் கீழ்நாட்டுச் சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசுவார், நடுநடுவே அவர் பாஷைச் சொற்களும் வந்து விழும். உதட்டில் விரலை வைத்து, "மெதுவாப் பேசுங்க. ஆதுரயா இப்பதான் தூங்குது," என்றார்.

"ஆதுரயான்னா?"

"லெடா. நோயாளி. எங்க அப்பா ஊர்ல நோய்க்காரங்களுக்குச் சாந்தி செய்யிற ஆள். அவர் லெடான்னு சொல்ல மாட்டார், ஆதுரயான்னுதான் சொல்வார். எனக்கும் அதே வருது."

அந்தப் பெண் அவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இவரு இல்லேன்னா இந்தப் புள்ளை இல்லீங்கய்யா. காச்சல் ஏறிக் கைகால் வெட்டி இழுப்பு வந்திருச்சு. டாக்டரய்யா மேல் டிவிசனுக்குப் போயிட்டாரு. ஆத்திர அவசரத்துக்கு இவருதான் ஈரத்துணி போட்டு, நாக்கக் கடிச்சுக்காம பாத்துக்கிட்டாரு."

மருந்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆத்திர அவசரம். எங்கள் லயத்தில் தினம் நான்கு தடவையாவது காதில் விழுகிற பேச்சு. செங்குத்தான படிகளில் ஏறும்போது என் அம்மா, "ஆத்திரப்படாம ஏறு" என்பார். கோபப்படாமல் ஏறு என்று அதற்கு அர்த்தமில்லை. பறக்காதே, நிதானமாக ஏறு என்று அர்த்தம். பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டால், "ஏன் இந்த ஆத்திரம்?" என்பார். இதெல்லாம் தெரிந்த நான் முதல் நாள் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றபோது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கணக்கப்பிள்ளையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் அந்தச் சொல் எனக்குக் கோபமாகவே கேட்டுவிட்டது.

பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நேத்து ஆபீசுல ஆத்திரத்துல தள்ளிட்டேன்னு சொன்னீங்களே. அது கோவத்துலயா, அவசரத்துலயா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெல்லாம் பிரிச்சுப் பிரிச்சா வருது, ஐயா?" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார். "ஓடுறப்ப புள்ளை மொகந்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அவரு வந்து கையப் புடிச்சாரு. விடுங்க, புள்ளைக்கு இழுப்பு வந்திருச்சாம்னேன். இந்த நெரைய முடிச்சிட்டுப் போ, புள்ளை எங்கயும் ஓடிறாதுன்னாரு. அதுக்கப்பறம் தள்ளுனது எனக்கே தெரியாது. அவரு விழுந்ததக்கூட நான் திரும்பிப் பாக்கல. புள்ளைய விட்டிருந்த புள்ளைக்காம்பரா வாசல்லதான் போயி நின்னேன்."

"இத ஏன் தொரைகிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. ஏன் தள்ளுனேன்னு கேட்டீங்க, சொன்னேன்."

திரும்பி நடந்து வரும்போது அந்தச் சொல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். தோட்டத்தில் யாருக்கு எந்தச் சொல் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. துரைக்கு வருவது கோவம். மலை வேலைகளைப் பார்க்கும் கண்டாக்குக்கு, கங்காணிக்கு வருவதும் கோவம். "தொரை கோவமா இருக்காரு, இன்னைக்குப் போகாத" என்பார்கள். ஆம்பிளைகள் லயத்தில் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் அது ரோசம். ஆத்திரம் என்ற சொல் அதிகமும் பெண்களின் பேச்சில்தான் வந்தது. "ஆத்திர ஆத்திரமா வருது" என்று சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். கோபம் வந்தவர் பிறத்தியாரை ஏதாவது செய்துவிட முடியும். ஆத்திரம் வந்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பெண் செய்துவிட்டார்.

துரையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நான் சொன்னது பிழை என்றால் இனி என்னை விசாரணைக்குக் கூப்பிட மாட்டார். லயத்து ஆள், லயத்துக்காகப் பேசுகிறான் என்றும் நினைக்கலாம். கடிதம் கையெழுத்தாகாமல் அவருடைய மேசையில் இருந்தது. மறுநாள் காலை, பெரட்டு முடிந்து அவர் ஆபீசுக்குள் வந்ததும், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு அவசரம், பதற்றம் என்றும் அர்த்தம் உண்டு, நான் ஒன்றை மட்டும் சொன்னேன் என்றேன்.

துரை பங்களாவுக்கு ஆள் அனுப்பி அவருடைய தமிழ் அகராதியை எடுத்துவரச் சொன்னார். தடித்த புத்தகம், முதுகு கிழிந்திருந்தது. பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்து வாசித்தார். விரைவு, பதற்றம், பெரும் ஆசை என்று வரிசையாக ஆங்கிலத்தில் இருந்தது. கோபம் கடைசியில் இருந்தது.

"கோபமும் இருக்கிறதே," என்றார்.

"இருக்கிறது சார்."

"அப்படியென்றால் நீ சொன்னது எப்படிப் பிழை?"

"அந்தக் கோபத்தையும் நான் பெரிதாக்கிச் சொன்னேன் சார்."

"ஏன்?"

"அந்த ஆங்கிலச் சொல் எனக்குப் புதியது. அதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அகராதியை மூடி ஓரமாக வைத்தார். இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். இந்தத் தடவை தானே கேட்பதாகவும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

பத்து மணி போல அவர்கள் வந்தார்கள். துரை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு தன் பெரட்டுத் தமிழில் கேட்டார்: "நீ ஆத்திரம் சொன்னது. என்ன ஆத்திரம்? கோவமா, அவசரமா?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவசரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். எனக்குத் தலையை அசைக்கக்கூடத் துணிவு வரவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொத அவசரந்தாங்க தொரை. பொறவு அவரு சொன்னதக் கேட்டுக் கோவங்க," என்றார்.

"என்ன சொன்னது?"

"இந்த நெரைய முடிச்சிட்டுப் போ, புள்ளை எங்கயும் ஓடிறாதுன்னாருங்க."

அது துரைக்கு விளங்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார். நான் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

கணக்கப்பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. வாய் முந்துகிற ஆள், அவ்வளவுதான். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, "சொன்னேங்க. வயித்து வலின்னு நெனச்சிட்டேன். இழுப்புன்னு அவ சொன்னது காத்துல சரியா காதுல விழலீங்க," என்றார். பிறகு துரையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, "தெரிஞ்சிருந்தா நானே ஓடியிருப்பேன், ஆத்தா," என்றார்.

பத்துச்சீட்டு வேண்டாம் என்று துரை முடிவு செய்தார். அதற்காக அந்தப் பெண்ணைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. இரண்டு கிழமை வேலை கிடையாது, அதற்குப் பிறகு மேல் டிவிசனில் வேறு கணக்கப்பிள்ளையின் கீழ் வேலை. லயத்திலிருந்து மேல் டிவிசனுக்கு இரண்டு மைல் ஏற்றம். வருடக்கணக்கில் அந்தப் பெண் அதை ஏறி இறங்கினார். கணக்கப்பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு மட்டும்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இழுப்பு வந்துகொண்டிருந்தது, ஐந்து வயதோடு நின்றுவிட்டது.

பெரிய கிளாக்கர் லீவு முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "அவள் சொன்னதைச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருக்கிறதுதானே. பிறகு போய் நான் பிழை விட்டனான் எண்டு சொல்ல உனக்கென்ன விசரோ?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் லீவில் போன ஒவ்வொரு தடவையும் துரை என்னைத்தான் கூப்பிட்டார். நான் எதையும் உடனே மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். சொன்னவரிடமே ஒரு தடவை திருப்பிக் கேட்பேன். விசாரணை நீண்டுபோகும், துரை மணிக்கூட்டைப் பார்ப்பார், ஆனால் தடுத்ததில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு வேறொரு பெரிய அகராதி எனக்குப் பார்க்கக் கிடைத்தது. ஆத்திரம் என்பது வடமொழியில் 'ஆதுர' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அதில் போட்டிருந்தது. நோயுற்ற, துன்பப்படுகிற, ஏதோ ஒன்றுக்காகத் தவிக்கிற என்று பொருள். டிஸ்பென்சரிக்காரர் கட்டிலில் கிடந்த குழந்தையைச் சொன்ன அதே சொல். சிங்களத்தில் அது நோயாளியோடு நின்றுவிட்டது. தமிழில் தவிப்பாகி, அவசரமாகி, கடைசியில் கோபமும் ஆகியிருக்கிறது. நான் சட்டைப் பையில் வைத்திருந்த ஆங்கிலச் சொல்லையும் தேடிப் பார்த்தேன். அது லத்தீனில் நாய்க்கு வரும் வெறிநோயின் பெயரிலிருந்து வந்ததாம். அதைப் படித்த அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் உண்மையைச் சொன்னது அறுபதுகளின் நடுவில். இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தோட்டமெங்கும் குடியுரிமை விண்ணப்பங்கள் எழுதிய காலம். நான் அப்போது பெரிய கிளாக்கர். அந்தப் பெண் விண்ணப்பத் தாளோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். பின்னால் நின்ற பெண்ணிடம், "இந்த ஐயாதான் அன்னைக்கு எங்க பத்துச்சீட்ட நிப்பாட்டுனவரு," என்று சொன்னார். அதை அவர் சொல்லி நான் கேட்டது முதல் தடவை இல்லை. பின்னால் நின்ற பெண் போகும்வரை பொறுத்திருந்து அவரை உள்ளே கூப்பிட்டேன். அன்றைக்கு நான் என்ன சொன்னேன், துரை எதைக் கேட்டுச் சீட்டுக் கொடுக்கச் சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப அது தொரையோட நெனப்பு இல்லையா?"

"நான் சொன்ன சொல்லால வந்ததுக்கா."

அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "பத்து வருசமா ஒங்களப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றார். சத்தம் ஏறவில்லை. "லயத்துப் புள்ளைதானே ஒக்காந்திருக்கு, நம்ம பேச்சு அதுக்கு வெளங்கும்னுதான் அன்னைக்கு ரெண்டு சொல்லுல சொன்னேன். பெரிய கிளாக்கரு இருந்திருந்தா இன்னும் நல்லா வெவரமா சொல்லியிருப்பேன்."

மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்துக்கொண்டார். "நான் வேற ஆள வச்சு எழுதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பாதையில் எதிரே வந்தால் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்துவிடுவார். பிறகு ஒரு நாள் அதே தாளோடு வந்தார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. வெற்றாகவே இருந்தது. வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லையா, அவர் கேட்கவே இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

"எழுதுங்க. இங்கயே இருக்கிறதுன்னு போடுங்க," என்றார்.

ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மகளுடைய வயதைப் பதினொன்று என்று எழுதியிருந்தேன். "பன்னெண்டு," என்றார். அதை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதி, இன்னொரு தடவை வாசித்தேன். பெருவிரலை மையில் தோய்த்து ஊன்றிவிட்டு, விரலைத் தலைத்துண்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு மலைக்குப் போனார்.